கெத்தும் ஆய்வுக்கு எந்த ஒளிமுறை? ஒரு சிறிய ஆய்வகத்தின் கணக்கு

கெத்தும் (கிராட்டம்) இலையைப் பற்றி பினாங்கில் யாரிடம் பேசினாலும் இரண்டு கட்சி கிளம்பும். கெடா, பெர்லிஸ் பக்கம் உடல் உழைப்பாளிகள் களைப்புத் தீரக் கொதிக்க வைத்துக் குடித்துவந்த சாறு, அதில் என்ன தப்பு என்பார்கள் சிலர். ஒருமுறை பழகினால் விட முடியாத போதை என்பார்கள் மற்றவர்கள். சட்டம் இரண்டாவது பக்கம் நிற்கிறது. இலையில் இயற்கையாக உண்டாகும் வேதிப்பொருள்களில், அதாவது ஆல்கலாய்டுகளில், முக்கியமானதான மிட்ராகைனைன் 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இந்த இலையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. மிட்ராகைனைன், மார்ஃபின் போன்ற பொருள்கள் ஒட்டும் மியூ ஓபியாய்டு ஏற்பி என்ற செல் புரதத்தில் ஒட்டி, மார்ஃபின் அளவுக்கு இல்லாமல் ஓரளவுக்கு மட்டும் அதை முடுக்குகிறது என்பது வரை தெளிவாகிவிட்டது.

அந்த முடுக்கம், நடுமூளையிலிருந்து, பரிசையும் ஆசையையும் சார்ந்த நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதிக்குப் போகும் டோபமைன் (நரம்புகள் வெளியிடும் ஒரு வேதிப்பொருள்) பாதையில் எந்த நொடியில் என்ன செய்கிறது? அடிமையாதல் பற்றிய வாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அதை அவிழ்க்க வேண்டுமானால், சுண்டெலி நடந்து, மோந்து, நெம்புகோலை அழுத்தி, சர்க்கரைத் தண்ணீரை நக்கிக்கொண்டிருக்கும்போதே அதன் மூளைக்குள் நடக்கும் ரசாயன மாற்றத்தை அளக்க வேண்டும். இதற்கு ஒளியை வைத்துச் செய்யும் முறைகள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிறைய வந்துவிட்டன. மானியம் கிடைத்த சிறிய ஆய்வகங்கள் என்னைப் போன்ற கருவிக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்: எதை வாங்கலாம்?

என் பதிலைக் காரணங்களோடு எழுதுகிறேன். நான் மனதில் வைத்திருக்கும் ஆய்வகம் பினாங்குத் தீவில் இருக்கிறது. முதுகலை மாணவர்கள் இரண்டு மூன்று பேர், சுண்டெலிகளுக்கு ஓர் அறை, ஒரே ஒரு மானியம். அளக்க வேண்டியது டோபமைன், முடிந்தால் விழிப்பையும் பதற்றத்தையும் சார்ந்த இன்னொரு மூளை ரசாயனமான நாரெபிநெஃப்ரினும். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

ஒளி இல்லாத பழைய முறைகள்

மைக்ரோடயாலிசிஸ் என்பது மெல்லிய சவ்வுக் குழாயை மூளையில் வைத்து, அதன் வழியே வரும் திரவத்தைச் சேகரித்து, குரோமட்டோகிராஃபி கருவியில் பிரித்துப் பார்ப்பது. டோபமைன் எவ்வளவு, நாரெபிநெஃப்ரின் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும். ஆனால் சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு மாதிரிதான் கிடைக்கும். சுண்டெலி நெம்புகோலை அழுத்துவதும் பரிசை நக்குவதும் சில நொடிகளில் முடிந்துவிடும். பத்து நிமிடச் சராசரியில் அதெல்லாம் கரைந்துபோகும்.

வேகச் சுழற்சி வோல்டாமெட்ரி அதற்கு நேர்மாறு. 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழையில் நொடிக்குப் பத்து முறை மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வரும் மின்னோட்டத்தைப் பிடிப்பார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது. இரண்டு சிக்கல்கள் உண்டு. பின்னணி மின்னோட்டம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஒப்பிட முடியாது. அப்புறம், டோபமைனும் நாரெபிநெஃப்ரினும் இந்த முறையில் ஏறக்குறைய ஒரே உருவத்தில் தெரியும். கெத்தும் இரண்டையுமே தொடக்கூடிய பொருள் என்பதால் இந்தக் குழப்பத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒளிமுறைகள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் புரதத்தை வெட்டித் திருப்பி ஒட்டி, ஒரு டோபமைன் ஏற்பியின் உட்பக்க வளையத்தில் செருகிவிட்டால், டோபமைன் வந்து ஒட்டும்போது ஏற்பி உருமாறும், புரதம் பிரகாசமாகும். 2018இல் ஒரே ஆண்டில் இப்படி இரண்டு உணரிக் குடும்பங்கள் வெளிவந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லின் டியன் குழு உருவாக்கியது டிலைட்; பீக்கிங் பல்கலைக்கழகத்தில் யுலோங் லி குழு உருவாக்கியது கிராப். மரபணுவை ஏஏவி என்ற தீங்கற்ற வைரஸில் ஏற்றி மூளையில் செலுத்தினால், மூன்று நான்கு வாரங்களில் அந்தப் பகுதிச் செல்களே உணரியைத் தயாரித்துத் தம் மேல் சவ்வில் வைத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது அந்த வெளிச்சத்தை வெளியே எடுத்து அளக்கும் வேலை. கருவிகள் பிரிந்து நிற்பது அந்த வேலையில்தான்.

ஃபைபர் ஃபோட்டோமெட்ரி

இருப்பதிலேயே எளிமையானது இது. 200 முதல் 400 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒரே ஒளியிழை. அதன் வழியே 470 நானோமீட்டர் நீல ஒளி உள்ளே போகும். உணரியின் பச்சை ஒளி அதே இழையில் திரும்பி வரும். படம் கிடைக்காது. இழையின் நுனிக்குக் கீழே இருக்கும் சிறிய பகுதி முழுவதற்குமாக ஒரே ஓர் எண் கிடைக்கும். அந்த எண் நொடிக்குப் பல முறை புதுப்பிக்கப்படும்.

ஒரே எண்தானா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதுவே பலமாகத் தெரிகிறது. டோபமைன் ஒரு சினாப்ஸோடு, அதாவது இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் ஓர் இடத்தோடு, நின்றுவிடும் பொருளல்ல. வெளியான இடத்திலிருந்து சுற்றுவட்டாரத்துக்குப் பரவும். எந்தச் செல்லுக்குப் பக்கத்தில் ஏறியது என்று கேட்காமல், இந்தப் பகுதியில் எப்போது ஏறியது என்று கேட்கும்போது, பகுதி முழுவதையும் சேர்த்துத் தரும் எண்தான் பொருத்தமான அளவு. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசராத்தின் குழு இந்த முறையில்தான், சுண்டெலி இன்னொரு சுண்டெலியோடு பழகும்போது நடுமூளையிலிருந்து அக்கம்பென்ஸுக்குப் போகும் பாதை சுறுசுறுப்பாவதைக் காட்டியது. அவர்கள் பயன்படுத்தியது கால்சியம் உணரி; நரம்பு இயங்கும்போது அதற்குள் கால்சியம் ஏறுவதைக் காட்டுவது. இன்றைக்கு அதே அமைப்பில் டோபமைன் உணரியை வைத்து நேரடியாகவே அளக்கலாம்.

கால்சியம் உணரியே போதாதா என்று கேட்பார்கள். ஜிகேம்ப் என்ற கால்சியம் உணரிக் குடும்பம் 2001இலிருந்து வளர்ந்துவந்தது, நம்பகமானது, வெளிச்சமும் அதிகம். ஆனால் டோபமைன் நரம்பின் முனையில் கால்சியம் ஏறுவதும் டோபமைன் வெளியே வருவதும் ஒன்றல்ல. அக்கம்பென்ஸில் அசிட்டைல்கோலின் செல்கள் அந்த முனைகளைப் பக்கத்திலிருந்தே தூண்டி டோபமைனை வெளியேற்ற முடியும். நடுமூளையில் இருக்கும் செல்லுக்கு அது தெரியாமலே நடக்கும். ரசாயனத்தைப் பற்றிய கேள்விக்கு ரசாயன உணரியைத்தான் வைக்க வேண்டும்.

எளிமை என்பதால் கவனக்குறைவுக்கு இடமில்லை. இழையின் முனையில் 1.25 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளைச் செராமிக் ஃபெரூல் (இழையைப் பிடித்திருக்கும் குழல்) ஒன்று சுண்டெலியின் தலையில் பல் சிமெண்ட்டால் ஒட்டப்பட்டிருக்கும். மேலிருந்து வரும் இழையின் ஃபெரூலை அதோடு சேர்ப்பது பிளவுபட்ட ஒரு சிறிய உறை. சுண்டெலி முன்னங்காலால் தலையைத் தேய்க்கும். உறை ஒரு மயிரிழை விலகும். திரையில் கோடு சரேலென்று இறங்கும். பார்ப்பவருக்கு டோபமைன் விழுந்ததுபோல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது அலைநீளம். 405 நானோமீட்டருக்கு அருகில் ஒளி கொடுத்தால், டோபமைன் ஒட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் உணரி ஏறத்தாழ ஒரே அளவு ஒளிரும். இணைப்பு நழுவினால் இரண்டு அலைநீளங்களிலும் கோடு இறங்கும். உண்மையில் டோபமைன் குறைந்திருந்தால் 470இல் மட்டும் இறங்கும். அந்த நடுநிலை அலைநீளம் உணரிக்கு உணரி சற்றே இடம் மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லா உணரிக்கும் 405 சரிதான் என்று எடுத்துக்கொண்டால் திருத்தமே பிழையாகிவிடும்.

ரத்தமும் கணக்கில் வரும். ஹீமோகுளோபின் இந்த அலைநீளங்களை நன்றாக உறிஞ்சும், அதுவும் நீலத்தில் ஒரு மாதிரி, ஊதாவில் ஒரு மாதிரி. ஓபியாய்டு ஏற்பியைத் தொடும் ஒரு பொருளைக் கொடுத்து, அதனால் மூச்சோ ரத்த ஓட்டமோ மாறினால், டோபமைனில் எதுவுமே நடக்காமல் வெளிச்சம் மாறலாம். இரண்டாவது அலைநீளம் இதை முழுவதும் சரிசெய்யாது. ஆகவே டோபமைன் ஒட்டாதபடி திருத்திய உணரியைச் செலுத்திய ஒரு சுண்டெலிக் குழு கட்டாயம் வேண்டும். அந்தக் குழுவுக்கும் அதே அளவு மிட்ராகைனைன், அதே நெம்புகோல், அதே கேபிள். இந்தக் குழு இல்லாத கெத்தும் ஃபோட்டோமெட்ரித் தரவை நான் நம்ப மாட்டேன். பணம் பற்றாமல் எதையாவது வெட்ட வேண்டும் என்றால் கருவியில் வெட்டுங்கள், இந்தக் குழுவில் கைவைக்காதீர்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒளிபட்டு உணரி மெல்ல வெளிறும். ஒரு மணி நேரத்தில் அடிக்கோடே சரிந்துவிடும். ஆகவே நொடிக்கணக்கில் நடக்கும் ஏற்ற இறக்கத்தை ஃபோட்டோமெட்ரி நன்றாகக் காட்டும். மருந்து கொடுத்த பிறகு ஒரு மணி நேரத்தில் அடிமட்டம் எவ்வளவு உயர்ந்தது என்பதை உறுதியாகச் சொல்லாது. நானோமோலாரில் (அடர்த்தியின் அலகு) எவ்வளவு என்றும் சொல்லாது. மைக்ரோடயாலிசிஸ் தெரிந்த ஒருவர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தால் அவரைக் கூட்டாளியாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

மினிஸ்கோப்

2011இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் ஷ்னிட்சர் குழு 1.9 கிராம் எடையில் தலைமேல் சுமக்கும் ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பைச் செய்து காட்டியது. பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் வரைபடங்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அவர்களுடைய நான்காம் பதிப்பு 2.6 கிராம். சுண்டெலியே சுமார் 25 கிராம்தான். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தலையில் வைக்கிறோம். பழக்கினால் நடக்கும், ஓடும். நீண்ட சோதனைகளில் களைக்கும்.

மினிஸ்கோப்பின் சிறப்பு தனித்தனிச் செல்களைக் காட்டுவது. நூற்றுக்கணக்கான செல்களில் எது எப்போது மின்னியது என்று நாள்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். கால்சியம் உணரிக்கு அற்புதமான கருவி. டோபமைன் உணரிக்கு வந்தால் அந்தச் சிறப்பு பெரும்பாலும் வீணாகிறது. உணரி செல் சவ்வு முழுக்க, மெல்லிய கிளைகள் முழுக்கப் பரவியிருக்கும். ஒற்றை ஃபோட்டான் (ஒளித்துகள்) முறையில் ஆழத்திலிருந்து வரும் மங்கல் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். திரையில் தெரிவது பனிமூட்டம் போன்ற ஒரு பச்சைப் பரப்பு. அதைச் சராசரி எடுத்தால் கடைசியில் வருவது ஃபோட்டோமெட்ரி கொடுக்கும் அதே எண்.

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. அக்கம்பென்ஸ் மூளையின் மேற்பரப்பிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. அங்கே பார்க்க 0.5 முதல் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள, கிரின் லென்ஸ் என்ற கண்ணாடிக் குச்சியைச் செருக வேண்டும். 1 மில்லிமீட்டர் லென்ஸின் குறுக்குப் பரப்பு 400 மைக்ரோமீட்டர் இழையினுடையதைப் போல ஆறு மடங்குக்கு மேல். அவ்வளவு திசுவை நசுக்கிக்கொண்டு போகிறோம், படம் என்ற பெயரில் ஒரு சராசரியை எடுக்க. டோபமைன் கிடைத்த பிறகு அக்கம்பென்ஸில் எந்தச் செல்கள் பதில் சொல்கின்றன என்பது உங்கள் அடுத்த கேள்வியானால், அப்போது மினிஸ்கோப்பை ஜிகேம்ப்போடு வாங்குங்கள். அதற்கு இதைவிட நல்ல கருவி சிறிய ஆய்வகத்துக்குக் கிடைக்காது.

டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்

"அக்கா, அந்தப் படத்துல ஒவ்வொரு கிளையும் தனியாத் தெரியுதே, அதையே வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகாதா?" என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். படங்கள் அவ்வளவு அழகு. 1931இல் மரியா கோப்பர்ட்-மாயர் கணக்கில் கண்ட விஷயத்தை, 1990இல் கார்னெலில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் மைக்ரோஸ்கோப்பாக்கினார்கள். ஒரே கணத்தில் இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்கள் ஒரே மூலக்கூறில் விழுந்தால்தான் அது ஒளிரும். அது குவியப் புள்ளியில் மட்டுமே நடக்கும். ஆகவே மங்கலே இல்லை. டிலைட் உணரியை அறிமுகப்படுத்திய 2018 கட்டுரையிலேயே, சுண்டெலியின் பெருமூளைப் புறணியில் டோபமைன் எங்கெங்கே எந்தெந்த நேரத்தில் ஏறுகிறது என்று இந்த முறையில் காட்டியிருக்கிறார்கள். புறணி ஆய்வுக்கு இதற்கு ஈடில்லை.

நம் கேள்வி புறணியில் இல்லை. டூ-ஃபோட்டான் ஒளி மூளைத் திசுவில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். அக்கம்பென்ஸ் நான்கு மில்லிமீட்டரில் இருக்கிறது. திரும்பவும் கிரின் லென்ஸ் வேண்டும். வழக்கமான அமைப்பில் சுண்டெலியின் தலையை இரும்புத் தகட்டில் பொருத்தி அசையாமல் வைக்க வேண்டும்; கால் மட்டும் காற்றில் மிதக்கும் பந்தின் மேல் ஓடும். பழக்க வாரக்கணக்கில் ஆகும். தலை கட்டப்பட்ட விலங்கின் பதற்றமே டோபமைனையும் நாரெபிநெஃப்ரினையும் மாற்றும் என்பது போதைப்பொருள் ஆய்வில் சின்ன விஷயமல்ல. கூண்டில் எந்த மூலையில் மருந்து கிடைத்ததோ அந்த மூலையை விலங்கு தேடிப் போகிறதா என்று பார்க்கும் சோதனை கெத்தும் ஆய்வில் அடிப்படையானது. தலையைக் கட்டினால் அதைச் செய்யவே முடியாது. தலைமேல் சுமக்கும் டூ-ஃபோட்டான் கருவிகள் வந்துவிட்டன. 2017இல் பீக்கிங்கில் 2.15 கிராமில் ஒன்று, 2022இல் நார்வேயில் மோசர் ஆய்வகத்திலிருந்து மூன்று கிராமுக்குள் இன்னொன்று. ஆனால் பின்னாலிருக்கும் லேசரின் விலை அப்படியேதான் இருக்கிறது.

விலையை மறைக்க வேண்டாம். முழு டூ-ஃபோட்டான் அமைப்பு பத்து லட்சம் ரிங்கிட்டை எளிதில் தாண்டும். அதோடு முடியாது. லேசருக்கு நிலையான வெப்பநிலை வேண்டும், அதிர்வில்லாத மேசை வேண்டும், ஒளிப்பாதையைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். இரவில் மையக் குளிரூட்டியை அணைத்துவிடும் கட்டடத்தில் இந்தக் கருவியை வைத்தால், காலையில் கண்ணாடிப் பரப்புகளில் ஈரம் படியும். பினாங்கின் ஈரப்பதத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. விலையுயர்ந்த மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கும் அதுவே கதி. இந்தக் கேள்விக்கு இது வேண்டாம்.

வைட்-ஃபீல்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்டையோட்டை மெலிதாக்கி மேலிருந்து புறணி முழுவதையும் ஒரே கேமராவில் பிடிப்பது. ஆழத்திலிருக்கும் அக்கம்பென்ஸ் அதில் தெரியாது.

வரிக்குதிரை மீன் என்ற வேறு பாதை

சுண்டெலியை விட்டுவிட்டு யோசிக்கவும் ஒரு காரணம் இருக்கிறது. ஐந்தாறு நாள் வயதுள்ள வரிக்குதிரை மீன் குஞ்சு கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். அறுவை வேண்டாம், லென்ஸ் செருக வேண்டாம். 2013இல் மிஷா ஆரன்ஸ் குழு தட்டையான ஒளித்தாளை ஓட்டி, அதன் மூளையிலுள்ள நரம்புச் செல்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒரே சமயத்தில் பதிவு செய்தது. கிராப் டோபமைன் உணரி முதல் கட்டுரையிலேயே மீனிலும் ஈயிலும் வேலை செய்தது. ஆல்கலாய்டைத் தண்ணீரில் கலந்தால் போதும். வளர்க்கும் செலவும் குறைவு, நம் நாட்டு வெப்பமும் அதற்கு ஒத்துவரும்.

ஆனால் மீனுக்கு நடுமூளையில் டோபமைன் செல் கூட்டமே கிடையாது. அதற்கு நிகரான வேலையை டயென்செஃபலான் (இடைமூளை) பகுதியிலுள்ள செல்கள் செய்கின்றன. குஞ்சு நெம்புகோல் அழுத்தாது, பழக்கத்தை நாள்கணக்கில் வளர்த்துக்கொள்ளாது. இலையில் இருக்கும் பல ஆல்கலாய்டுகளில் எவை மூளை முழுவதையும் எப்படித் தொடுகின்றன என்று விரைவாகச் சலித்துப் பார்க்க மீன் சிறந்தது. மனிதனின் அடிமையாதலைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டுமானால் சுண்டெலிக்கோ எலிக்கோ வந்தே ஆக வேண்டும்.

கருவியை விட முக்கியமான தேர்வு

கருவி ஃபோட்டோமெட்ரி என்று முடிவானால் பாதி வேலைதான் முடிந்தது. ஆய்வின் விதி உணரியில்தான் இருக்கிறது. கொள்முதல் கூட்டங்களில் எல்இடி எந்த நிறுவனத்துடையது, மென்பொருள் எந்தப் பதிப்பு என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். உணரியைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

முதலில் ஒட்டும் திறன். அடிமட்ட நிலையில் டோபமைன் சில நானோமோலாரில் இருக்கும். திடீர் வெளியீட்டில் அதைப்போல் பல மடங்கு ஏறும். டிலைட்1.1 சுமார் 330 நானோமோலாரில் பாதி நிறையும், டிலைட்1.3பி 1600 நானோமோலாருக்கு அருகில். கிராப் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறையில் 2எம் என்பது 90 நானோமோலார், 2எச் என்பது 7 நானோமோலார். எண் சிறியதாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். டோபமைன் குறைவாக உள்ள புறணிக்கு அது சரி. அக்கம்பென்ஸில் 2எச் வைத்தால், சுண்டெலி சும்மா இருக்கும்போதே உணரி கணிசமாக நிறைந்துவிடும். மருந்து டோபமைனை இன்னும் ஏற்றினால் காட்டுவதற்கு இடமே இருக்காது. கோடு தட்டையாக ஓடும். கெத்தும் ஒன்றும் செய்யவில்லை என்று தவறாக எழுதிவிடுவோம்.

அடுத்தது வேகம். டிலைட்1.2இல் டோபமைன் விலகியதும் வெளிச்சம் பாதியாகச் சுமார் 90 மில்லிநொடி போதும். முதல் தலைமுறை கிராப் 1எச் தணிய இரண்டரை நொடி ஆகும். மணியோசை கேட்டதும் ஒரு சிறு ஏற்றம், பரிசு வந்ததும் இன்னொரு சிறு ஏற்றம், இடையில் ஒரு நொடி என்று சோதனை இருந்தால், மெதுவான உணரி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

மூன்றாவதுதான் கெத்தும் ஆய்வுக்கு உயிர்நாடி. உணரி எந்த ஏற்பியிலிருந்து செய்யப்பட்டதோ, அந்த ஏற்பியில் ஒட்டும் மருந்தெல்லாம் உணரியிலும் ஒட்டும். டோபமைன் ஏற்பிகளில் பல வகை உண்டு; டிலைட் டி1 ஏற்பியிலிருந்து வந்தது. கிராப் டோபமைன் உணரி டி2விலிருந்து வந்தது. கிராப் வைத்த சுண்டெலிக்கு, டி2வை அடைக்கும் மருந்தான ஹாலோபெரிடால் கொடுத்தால், டோபமைன் இருந்தும் வெளிச்சம் அணைந்துவிடும், ஏனெனில் மருந்து உணரியையே அடைத்துவிட்டது. நாரெபிநெஃப்ரினுக்குப் போனால் சிக்கல் இன்னும் கூர்மை. பரவலாகப் பயன்படும் கிராப் நாரெபிநெஃப்ரின் உணரி நாரெபிநெஃப்ரின் ஒட்டும் ஆல்ஃபா-2 அட்ரினர்ஜிக் ஏற்பியிலிருந்து செய்யப்பட்டது. மிட்ராகைனைன் ஓபியாய்டு ஏற்பியோடு நிற்காமல் அதே ஆல்ஃபா-2 ஏற்பியிலும் ஒட்டக்கூடியது. அப்படியென்றால் ஊசி போட்ட பத்து நிமிடத்தில் கோடு ஏறினாலோ இறங்கினாலோ, மூளை பேசுகிறதா, மருந்து நேராக உணரியோடு பேசுகிறதா என்று எப்படித் தெரியும்? 2023இல் சூரிச்சில் டொமாசோ பாத்ரியார்க்கி குழு வெளியிட்ட என்லைட் உணரிகள் ஆல்ஃபா-1 ஏற்பியிலிருந்து வந்தவை. நாரெபிநெஃப்ரினுக்கு நான் அந்தப் பக்கம்தான் முதலில் பார்ப்பேன். டோபமைனுக்கு டிலைட்1.1 அல்லது 1.2.

இதுவும் ஊகமாக இருக்கக் கூடாது. ஹெக்293 என்ற, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் மனிதச் செல்களைத் தட்டில் வளர்த்து, உணரியின் மரபணுவை ஏற்றி, மிட்ராகைனைனைப் பல அளவுகளில் ஊற்றிப் பார்க்கலாம். ஒருமுறை தனியாக, ஒருமுறை டோபமைனோடு சேர்த்து. கல்லீரலில் மிட்ராகைனைன் மாறி உருவாகும் 7-ஹைட்ராக்ஸிமிட்ராகைனைனையும் அதேபோல் சோதிக்க வேண்டும். மியூ ஏற்பியில் அது தாய்ப்பொருளைவிட வலுவானது. இதற்குத் தட்டிலுள்ள செல்களின் வெளிச்சத்தை அளக்கும் பிளேட் ரீடர் போதும். உயிர்வேதியியல் துறைகளில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். வைரஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியில் இந்த வேலை முடிந்துவிடும்.

இங்கே இருந்து செய்வதென்றால்

உணரி மரபணு ஏற்றிய ஏஏவி வெளிநாட்டிலிருந்து உலர்பனிக்கட்டியில் வரும். மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். மரபணு மாற்றிய பொருள் என்பதால் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனக் குழுவின் ஒப்புதலும் அறிவிப்பும் முதலில் முடிந்திருக்க வேண்டும். விலங்குகளுக்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு. மிட்ராகைனைன் வாங்கவும் வைத்திருக்கவும் தனி அனுமதி. இந்த மூன்று தாள்களும் வரும் முன் கருவி ஆர்டர் போட்டால், உத்தரவாதக் காலத்தில் பாதி பெட்டிக்குள்ளேயே கழியும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாளை ஒட்டிய நீண்ட விடுமுறைகளில் வைரஸ் பெட்டி சரக்கு நிலையத்தில் காத்துக் கிடந்தால் பனிக்கட்டி ஆவியாகிவிடும். அனுப்பும் நாளைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

ஃபோட்டோமெட்ரிக் கருவியை முழுதாகவும் வாங்கலாம், பாகங்களாக வாங்கிக் கட்டவும் செய்யலாம். முழு அமைப்பு லட்சம் ரிங்கிட்டை ஒட்டியோ தாண்டியோ போகும். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2019இல் வெளிவந்த பைஃபோட்டோமெட்ரி என்ற திறந்த வடிவமைப்பு, நிரல் எழுதி இயக்கும் சிறிய மைக்ரோபைத்தான் மின்னணுப் பலகையை வைத்து இரண்டு எல்இடிகளை மாற்றி மாற்றி எரியவிட்டு அளக்கிறது. செலவு பல மடங்கு குறையும். கட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்றால், பினாங்கை விட நல்ல ஊர் எது? 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கி, இன்டெல் முதலான நிறுவனங்கள் வந்து, ஐம்பது ஆண்டுகளாக இந்தத் தீவில் எல்இடியும் மின்னணுவும் தெரிந்த கைகள் தலைமுறையாக வளர்ந்திருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் படித்து அங்கே பொறியாளரானவர்கள் நிறையப் பேர். மூளை ஆய்வுக்கும் தங்கள் தொழிலுக்கும் இவ்வளவு நெருக்கம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. போய்ச் சொல்லுங்கள், ஆர்வமாக வருவார்கள்.

விலங்கின் நடத்தையைப் பதிவு செய்ய விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஒரு சாதாரணக் கேமராவும், வீடியோவில் விலங்கின் அசைவைப் பின்தொடரும், 2018இல் வெளிவந்த இலவச மென்பொருளான டீப்லேப்கட்டும் போதும். கேமராவின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஃபோட்டோமெட்ரிக் கருவிக்கும் ஒரே நேரக்குறி போகும்படி முதல் நாளே கம்பி இழுத்துவிடுங்கள். இழை கேபிள்கள் மட்டும் நல்ல தரமாக, சுயவொளிர்வு குறைந்ததாக இருக்கட்டும்; ஒவ்வொரு சோதனைக்கும் முன் சில மணி நேரம் அவற்றுக்குள் நீல ஒளியை ஓடவிட்டால் அவை தாமாக ஒளிர்வது அடங்கும்.

ஆகவே என் வரிசை இது. மானியத்தின் முதல் பணம் ஹெக் செல் சோதனைக்கும் அனுமதித் தாள்களுக்கும். அடுத்தது லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் உலர் அலமாரி ஒன்று, திறந்த வடிவமைப்பில் இரண்டு அலைநீள ஃபோட்டோமெட்ரி ஒன்று, 400 மைக்ரோமீட்டர் இழைகள். டிலைட் வைத்த குழு ஒன்று, டோபமைன் ஒட்டாத உணரி வைத்த குழு ஒன்று, இரண்டிலும் ஆண் பெண் சுண்டெலிகள். முதல் சோதனை கெத்தும் இல்லாமல், வெறும் சர்க்கரைத் தண்ணீருக்கு. மணிக்கும் பரிசுக்கும் டிலைட் குழுவில் ஏற்றம் தெரிந்து, மற்றக் குழுவில் கோடு அசையாமல் இருந்தால், மறுவாரம் மிட்ராகைனைன் கொடுக்கத் தொடங்கலாம்.